துள்ளல் மெட்டு, கசந்த வரி: ஸ்பானிஷ் பாப் பாடல்களில் நவீன வாழ்க்கையின் ஏமாற்றம்

நெய்தல் எழுதியது:

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. இலக்கணப் புத்தகத்தைவிடப் பாட்டு கேட்டுத்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். முதலில் எல்லாப் பாட்டும் ஆடுவதற்கென்றே போட்ட மாதிரி இருந்தது. வார்த்தை பிடிபட ஆரம்பித்ததும் அது மாறிவிட்டது. வேலை, வாடகை, நகரம், பள்ளிக்கூடம், டிவி என்று எதை நம்பி வளர்ந்தார்களோ அது கைவிட்டுவிட்டது என்றுதான் எனக்குப் பிடித்த பாட்டுகளில் பாதி சொல்கிறது, அதுவும் கால் தானாகத் தாளம் போடுகிற மெட்டில்.

ஒரு பாட்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மெகானோ என்று மாட்ரிட் குழு. கானோ சகோதரர்கள் இருவர், பாடுவது ஆனா தொர்ரோஹா. 1986-இல் வந்த 'குரூஸ் தே நவாஹாஸ்', அதாவது மடக்குக்கத்திகளின் சிலுவை. மாரியோ ஒரு பாரில் வேலை பார்க்கிறான். பார் காலை ஐந்துக்கு மூடும், அவன் கிளம்ப ஆறு ஆகும், கல்லாக் கணக்குப் பார்க்கிற பொறுப்பும் அன்றைக்கு அவன் தலையில் விழுந்தால் விடிந்தே விடும். மரியா அதற்குள் எழுந்து, வீட்டு வேலை முடித்து, காபியும் போட்டுவிட்டு ஆசையோடு காத்திருக்கிறாள். அவனுக்கு வேண்டியதும் கட்டில்தான், ஆனால் தூங்குவதற்கு. அவள் தன் ஆசையைக் காபியில் நனைத்துக்கொண்டு பெரிய அங்காடி ஒன்றுக்கு வேலைக்குக் கிளம்புகிறாள். திரும்பி வரும்போது வீட்டில் கட்டில் மட்டும் இருக்கிறது.

அந்தக் கட்டிலைப் பற்றி ஒரு வரி வருகிறது. 'தாசித்தூர்னோ' என்றால் வாய் திறக்காத, உம்மென்று இருக்கிற. 'தூர்னோ' என்றால் முறை. வேலை ஷிப்டுக்கும் அதே சொல்தான். உம்மென்று கிடக்கும் கட்டில், அதை இருவரும் முறை வைத்துப் பயன்படுத்துகிறார்கள். முதல் சொல்லின் வயிற்றுக்குள்ளேயே இரண்டாவது சொல் இருக்கிறது பாருங்கள். இயைபுக்காகப் போட்டது என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்த வீட்டின் மௌனத்துக்குள் ஷிப்ட் உட்கார்ந்திருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தெரியவில்லை.

அப்புறம் ஒரு நாள் பாரில் போலீஸ் சோதனை. மாரியோ ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வீட்டுத் தெருவுக்கு வந்துவிடுகிறான். ஆளில்லாத தெரு, தூரத்தில் ஒரு ஜோடி முத்தமிட்டுக்கொண்டிருக்கிறது. கிட்டப் போனால் மரியா. மாரியோ சாகிறான்.

இதை எல்லோரும் கள்ளக்காதல் கொலைப் பாட்டு என்கிறார்கள். எனக்கு இது வேலை நேரம் ஒரு குடும்பத்தைத் தின்ற பாட்டு. நான் கேட்பது சரியா? உங்களுக்குத் தெரிந்த மற்ற பாட்டுகளையும் சொல்லுங்கள், காதல் தோல்வி வேண்டாம், வாழ்க்கை முறை மீதே நம்பிக்கை போன பாட்டுகள்.

பழையகேசட் எழுதியது:

ஷிப்ட் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கடைசிப் பகுதியை வேகமாகத் தாண்டிவிட்டீர்கள், உண்மையான கசப்பு அங்கேதான். குப்புறக் கிடக்கும் மாரியோவின் மேல் மூன்று சிலுவை என்கிறது பாட்டு. நெற்றியில் ஒன்று, அதுதான் அதிகம் வலித்தது. மார்பில் ஒன்று, அதுதான் கொன்றது. மூன்றாவது, செய்தியில் பொய் சொல்கிறது. போதைக்கு அடிமையான இரண்டு பேர் வெறியில் மாரியோவைக் கொள்ளையடித்துக் கொன்றார்கள், மனைவி வாசலில் நின்று பார்த்தாள் என்று செய்தி முடிகிறது.

அந்தப் பொய்யை ஏன் எல்லோரும் நம்பினார்கள் என்று யோசியுங்கள். எண்பதுகளில் ஸ்பெயின் நகரங்களில் ஹெராயின் தலைவிரித்தாடிய காலம். தெருவில் ஒருவன் செத்துக் கிடந்தால் 'போதைக்காரன் செய்திருப்பான்' என்பது தயாராக இருந்த பதில். யார் குத்தினான் என்று பாட்டு நேராகச் சொல்லவே இல்லை, நாமாகப் புரிந்துகொள்கிறோம். ஒரு மனிதனின் நெற்றியில் விழுந்த காயம், அதாவது மனைவியின் துரோகம், செய்தியில் வராது, மார்பில் விழுந்தது மட்டும்தான் வரும், அதுவும் தப்பாக வரும். ஹோசே மரியா கானோ எழுதிய பாட்டு இது. பாப் குழு என்று இவர்களை அலட்சியமாகப் பேசுகிறவர்களிடம் நான் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான்.

அவரைக்கொடி எழுதியது:

மரியா பற்றி யாரும் பேசவில்லையே. அவளும் முழுநேர வேலைக்குத்தான் போகிறாள். அதற்கு முன்னால் வீடு, அதற்கு முன்னால் காபி. தூங்காமல் வரும் கணவனுக்கு 'களைப்பு' என்ற சொல் கிடைக்கிறது, அவளுக்குக் கிடைக்கவில்லை.

நானும் என் கணவரும் மூன்று வருடம் எதிரெதிர் ஷிப்டில் இருந்தோம். அவர் இரவு, நான் பகல். சமையலறை மேடையில் ஒரு நோட்டு வைத்திருந்தோம், பால் வாங்கியாச்சு, குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து இரண்டு மணிக்குக் கொடுத்தேன், கேஸ் புக் பண்ணணும் என்று எழுதிவைத்துவிட்டுப் போவோம். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கத்தில்கூட வேறு எதுவும் எழுதியிருக்கமாட்டோம். கட்டில் வரியை நெய்தல் விளக்கியதைப் படித்ததும் அந்த நோட்டுதான் ஞாபகம் வந்தது. அதனால் நான் நெய்தல் பக்கம்.

ஊர்விட்டவன் எழுதியது:

மாட்ரிட்டில் ஒன்பது வருடம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் பின்னணி சொல்கிறேன். சர்வாதிகாரி பிராங்கோ இறந்தது 1975 நவம்பர் 20. 1978-இல் புதிய அரசியல் சட்டம். நாற்பது வருடம் காத்திருந்த சுதந்திரம் வந்தது, வந்த வேகத்திலேயே விலைவாசியும் வேலையின்மையும் வந்தன. அந்த வருடங்களின் மனநிலைக்கு அங்கே ஒரு பெயரே உண்டு, 'தெசென்காந்தோ'. 'என்காந்தோ' என்றால் வசியம். வசியம் அவிழ்ந்துபோவதுதான் தெசென்காந்தோ.

அந்த மூச்சில் வந்ததுதான் பாடகர் ஹொவாகின் சபீனா 1980-இல் வெளியிட்ட மாட்ரிட் பாட்டு. தலைப்பே 'மாட்ரிட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்வோம்' என்றுதான் இருக்கும். பறவைகள் மனநல மருத்துவரிடம் போகிற ஊர், நட்சத்திரங்கள் உதிக்க மறந்துபோகிற ஊர், சூரியன் ஒரு கேஸ் கணப்பு, வாழ்க்கை புறப்படப் போகிற மெட்ரோ ரயில், கழுவுதொட்டியில் ஒரு போதை ஊசி. பூட்டேன் சிலிண்டர் வைத்த கணப்பு அந்தக் காலத்து வாடகை வீடுகளில் சாதாரணம். பக்கத்தில் உட்கார்ந்தால் முகம் சுடும், முதுகு குளிரும். சூரியனையே அதுவாக்கிவிட்டார். தெற்கே ஆந்தலூசியாவில் ஊபெதா என்ற ஊரில் பிறந்தவர், வெயில் என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்தவர், அவருக்குத்தான் அந்த வரி வரும்.

கடைசியில், நான் சாகும்போது பிறந்த தெற்குக்கே கொண்டுபோய்விடுங்கள், இங்கே யாருக்கும் இடமில்லை என்று முடிகிறது. ஆனால் பின்னாட்களில் மேடையில் பாடும்போது அந்த முடிவை அவரே மாற்றிவிட்டார். எழுப்பாதீர்கள், தூங்கவிடுங்கள், இங்கேதான் வாழ்ந்தேன், இங்கேயே இருக்கிறேன் என்று. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நான் அந்த ஊரைவிட்டு வந்த பிறகு இரண்டாவது முடிவைக் கேட்டால் தொண்டை அடைக்கிறது.

பழையகேசட் எழுதியது:

மாற்றியது எனக்குப் பிடிக்கவில்லை ஐயா. 1980-இல் சொன்னதுதான் உண்மை. பேரும் வசதியும் வந்த பிறகு ஊர் இனிக்கத்தான் செய்யும்.

ஊர்விட்டவன் எழுதியது:

அப்படிப் பார்க்கவேண்டியதில்லை. முதல் முடிவு ஊருக்கு வந்த இளைஞன் சொன்னது, இரண்டாவது அங்கேயே நரைத்தவர் சொன்னது. பறவையையும் ஊசியையும் அவர் மாற்றவில்லையே, அத்தனையும் அப்படியே இருக்கிறது. அத்தனையும் தெரிந்துகொண்டுதான் இங்கேயே இருக்கிறேன் என்கிறார்.

தென்திசை எழுதியது:

நகரம் மோசம், கிராமம் சொர்க்கம் என்று இழை போய்விடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஸ்பெயின் பாடகர் செர்ராத் 1971-இல் பாடிய 'புவெப்லோ பிளாங்கோ', வெள்ளைக் கிராமம், கேட்டிருக்கிறீர்களா? பள்ளத்தின் விளிம்பில் தொங்குகிற ஊர், மழை மறந்துபோன ஊர். அழகாகத்தான் ஆரம்பிக்கும். போகப்போக, மனசு இளகிய சனங்களே தப்பித்து ஓடுங்கள், இந்த மண்ணுக்கு நோய், நேற்றுத் தராததை நாளைக்குத் தரும் என்று காத்திருக்காதீர்கள் என்று வருகிறது. அதைக் கேட்டுக் கோணிப்பையும் கழுதையுமாகக் கிளம்பியவர்கள்தான் மாட்ரிட்டிலும் பார்சிலோனாவிலும் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் காலத்தில்தான் கேஸ் கணப்புச் சூரியன் வருகிறது. இரண்டு பாட்டையும் சேர்த்து வைத்தால்தான் முழுக்கதை. போன இடமும் வெறுத்துவிட்டது, திரும்பிப் போகவும் இடமில்லை.

மெக்சிகோவின் மானா குழு 1992-இல் பாடிய 'குழந்தைகள் எங்கே விளையாடுவார்கள்' பாட்டில் இந்தச் சிக்கல் இல்லை. தாத்தா காலத்தில் ஆறு தெளிவாக ஓடியது, அவரே செய்த பட்டத்தை விட்டார், இன்று எல்லாம் போச்சு. நல்ல பாட்டுதான், பள்ளி விழாவில் பாடலாம். எனக்குச் செர்ராத் வேண்டும்.

கரும்பலகை எழுதியது:

இழையின் தலைப்பில் உள்ள 'ஏமாற்றம்' என்ற சொல்லைப் பற்றி ஒரு விஷயம். ஸ்பானிஷில் இதற்கு இன்னொரு பழைய சொல் இருக்கிறது, 'தெசெங்கான்யோ'. 'எங்கான்யோ' என்றால் ஏமாற்று, மோசடி. 'தெஸ்' சேர்த்தால் அதிலிருந்து விடுபடுவது. நம் மொழியில் ஏமாற்றம் என்றால் ஏமாந்துபோனது. அவர்கள் மொழியில் அதே உணர்ச்சிக்கு உள்ள பெயர், ஏமாந்த நிலையிலிருந்து வெளியே வருவது. திசையே வேறு. பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானிஷ் எழுத்துகள் முழுக்க இந்தச் சொல் இருக்கும். மரியா தே சாயாஸ் என்ற பெண் எழுத்தாளர் 1647-இல் கொண்டுவந்த கதைத் தொகுப்புக்கு இதுதான் பெயர், 'காதல் தெசெங்கான்யோக்கள்'. ஆண்களை நம்பிக் கெட்ட பெண்களின் கதைகள், கேட்கிற பெண்களாவது கண் திறக்கட்டும் என்று சொல்லப்பட்டவை.

தமிழில் இதற்குக் கிட்ட வருவது 'மயக்கம் தெளிதல்'தான் என்று நினைக்கிறேன். தெளிந்தவனுக்குத் தலை வலிக்கும், ஆனால் கண் தெரியும். சபீனா முடிவை மாற்றியதும் அப்படித்தான். அவர் மறுபடி மயங்கவில்லை. பழையகேசட் கோபித்துக்கொள்ளக்கூடாது.

பழையகேசட் எழுதியது:

கோபம் இல்லை டீச்சர். யோசிக்கிறேன். 'மயக்கம் தெளிதல்' நல்ல சொல்.

அதற்கு ரூபன் பிளேட்ஸ் பாட்டு ஒன்று பொருந்தும். பனாமாக்காரர், வில்லி கொலோனோடு சேர்ந்து 1978-இல் செய்த ஆல்பத்தில் முதல் பாட்டு, 'பிளாஸ்திகோ'. ஆரம்பத்தில் அச்சு அசலாக டிஸ்கோ இசை. தப்பான பாட்டைப் போட்டுவிட்டோமோ என்று ஒரு நிமிடம் தோன்றும். திடீரென்று அது விழுந்து உள்ளிருந்து சால்சா என்கிற லத்தீன் ஆட்ட இசை எழும். மயக்கம் தெளிவதை இசையிலேயே செய்துகாட்டிவிட்டார். அப்புறம் பிளாஸ்டிக் பெண், பிளாஸ்டிக் பையன், கடைசியில் பிளாஸ்டிக் நகரம், அங்கே காலையில் சூரியனுக்குப் பதில் டாலர் உதிக்கிறது. முடிவில் லத்தீன் அமெரிக்க நாடுகளின் பெயரை ஒவ்வொன்றாக வகுப்பு வருகைப் பதிவு மாதிரி கூப்பிடுகிறார், 'ஆஜர்' என்று பதில் வருகிறது.

மெக்சிகோ கஃபே தக்குபா குழுவின் 'கடக ரேகை' பாட்டையும் கேளுங்கள், 1994. கம்பெனியை விட்டுக் கிளம்பும் பொறியாளனைச் சக ஊழியர்கள் கேட்கிறார்கள்: இன்னும் பசுமை மிச்சம் இருக்கிறதே, அதற்குள் ஏன் போகிறாய்? அவன் பெயர் சால்வதோர், அதாவது மீட்பர்.

தெருக்கல் எழுதியது:

இவ்வளவு நேரம் யாரும் சிலி பக்கம் வரவில்லை, அதனால் நான் எழுதியே ஆகவேண்டும். என் வாழ்க்கையில் ஒரே ஒரு பாட்டுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

லோஸ் பிரிசியோனெரோஸ், அதாவது கைதிகள். சாந்தியாகோவில் சான் மிகேல் பகுதி, ஒரே பள்ளியில் படித்த மூன்று பையன்கள். 1986, பினோசேயின் ராணுவ ஆட்சி நடக்கிறது. 'எல் பைலே தே லோஸ் கே சோப்ரான்', மிச்சமாகிப்போனவர்களின் ஆட்டம். எழுதிப் பாடியது ஹோர்ஹே கொன்சாலெஸ். பாட்டின் தொடக்கத்தில் நாய் குரைக்கும். பெரிய ஸ்டூடியோ ஜாலம் எதுவும் இல்லை, ராத்திரி நடந்துபோகிறவனைத் தெருநாய் பார்த்துக் குரைக்கிறது, அவ்வளவுதான். வேலையில்லாமல் ராத்திரி சுற்றியவர்களுக்கு அந்தக் குரைப்பு தெரியும்.

இன்னொரு மாதக் கடைசி, புதிதாக ஒன்றுமில்லை என்று போகிறது. சின்ன வயதில் 'படித்து விளையாடுங்கள், மனிதர்கள் சகோதரர்கள், சேர்ந்து உழைக்கவேண்டும்' என்றார்கள். கண்ணை வாத்தியார் மேல் வைத்துக் கேட்டோம். தலைக்கு மேலே எவ்வளவு வெயில். அந்த விளையாட்டு மற்றவர்களுக்கு வெற்றி மாலையோடும் எதிர்காலத்தோடும் முடிந்தது, என் நண்பர்களைத் தெருவில் கல்லை உதைத்துக்கொண்டு நிற்க விட்டுவிட்டது. உங்களுக்குச் சொல்லித் தராத ரகசியங்களை மற்றவர்களுக்குச் சொல்லித் தந்தார்கள் என்று ஒரு வரி. இது புலம்பல் இல்லை, நடந்தது. அங்கே 1981-இலிருந்து அரசுப் பள்ளிகளை நகராட்சிகளின் தலையில் கட்டிவிட்டு, மாணவர் எண்ணிக்கைப்படி தனியார் பள்ளிக்கும் அரசுப் பணம் போகும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஏழைப் பகுதிப் பள்ளிக்கு என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

ஆட்சி 1990-இல் போனது. பாட்டு போகவில்லை. 2019 அக்டோபரில் சாந்தியாகோ மெட்ரோ கட்டணம் 30 பேசோ ஏறியது. பள்ளி மாணவர்கள் தடுப்பைத் தாண்டிக் குதித்தார்கள். 'முப்பது பேசோ இல்லை, முப்பது வருடம்' என்று கோஷம் எழுந்தது. அந்த மாதம் 25-ஆம் தேதி பத்து லட்சம் பேருக்கும் மேல் தெருவில். அந்த நாட்களில் கூட்டம் பாடிய பாட்டுகளில் இது முக்கியமானது. பாட்டு வந்தபோது பிறக்காத பிள்ளைகள் வரி தப்பாமல் பாடினார்கள். காணொளியைப் பார்த்துவிட்டு அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை.

ஒரு உதவி வேண்டும். பல்லவியில் ஒரு வரி இருக்கிறது, பல வருடமாகத் தமிழில் வரமாட்டேன் என்கிறது. ஒருவர் இல்லாததை நினைத்து ஏங்குவதற்கு ஸ்பானிஷில் 'எச்சார் தே மேனோஸ்' என்பார்கள். மேனோஸ் என்றால் குறைவு. இவர் அதைத் திருப்பிப்போட்டு 'யாரும் நம்மை எச்சார் தே மாஸ் செய்யப்போவதில்லை' என்கிறார். மாஸ் என்றால் அதிகம். தலைப்பே மிச்சமானவர்கள் என்பதால் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. யாராவது முயற்சி செய்யுங்கள்.

காலைரயில் எழுதியது:

பாட்டுகள் எல்லாம் சரி. ஆனால் இந்தக் கசப்பையே விற்று வாழ்கிற பெரிய ஆட்களை என்ன சொல்வது? புவெர்த்தோ ரிக்கோ தீவின் பாடகர் பேட் பன்னி 2020, 2021, 2022 மூன்று வருடமும் ஸ்பாட்டிஃபையில் உலகிலேயே அதிகம் கேட்கப்பட்டவர். அவர் போய் நவீன வாழ்க்கை எங்களை விழுங்குகிறது என்று பாடினால் நம்பமுடியவில்லை.

ஊர்விட்டவன் எழுதியது:

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். 2025 ஜனவரியில் வந்த ஆல்பத்தில் 'ஹவாய்க்கு நடந்தது' என்ற பாட்டைக் கேட்ட பிறகு மாறிவிட்டேன். ஆற்றையும் கடற்கரையையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள், எங்கள் பேட்டை வேண்டும், பாட்டி கிளம்பிப் போகவேண்டும் என்கிறார்கள். இங்கே யாரும் விரும்பிப் போகவில்லை, போனவர்கள் திரும்புவதையே கனவு காண்கிறார்கள்.

புவெர்த்தோ ரிக்கோ 1898-இலிருந்து அமெரிக்காவின் கையில். 2012-இல் வெளியிலிருந்து குடிவரும் பணக்காரர்களுக்கு முதலீட்டு லாபத்தில் வரியில்லை என்று சட்டம் போட்டார்கள், அங்கேயே பிறந்து வளர்ந்து வாழ்கிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. 2017-இல் மரியா புயல், மாதக்கணக்கில் இருட்டு. 2010-இல் 37 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 33 லட்சத்துக்கும் கீழே. வீட்டு விலை ஏறுகிறது, வீட்டில் இருந்தவர்கள் ஃப்ளோரிடாவில்.

இவர் அந்த வருடக் கோடையில் உலகம் சுற்றாமல் தீவின் தலைநகர் சான் ஹுவானிலேயே முப்பது நாளுக்கு மேல் பாடினார். முதல் ஒன்பது நாள் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும். நிகழ்ச்சியின் பெயர், 'இங்கிருந்து போக எனக்கு விருப்பமில்லை'. சம்பாதிக்கிறார், உண்மை. ஆனால் அந்தப் பெயரை நான் மாட்ரிட் விமான நிலையத்தில் சொல்லிப் பார்த்திருக்கிறேன், மனசுக்குள்.

காலைரயில் எழுதியது:

சரி, அந்தப் பாட்டைக் கேட்கிறேன்.

அவரைக்கொடி எழுதியது:

தெருக்கல், உங்கள் வரிக்கு. நம்மிடமும் அதே கணக்கு இருக்கிறதே! 'எல்லாம் இருந்தது, அப்பா இல்லாத குறைதான்' என்று கல்யாண வீட்டில் சொல்வோம். மேனோஸ் அப்படியே நம் 'குறை'. ஆகவே 'நாம் இல்லாத குறை யாருக்கும் இல்லை' என்று ஆரம்பிக்கலாம். திருப்பிப்போட்ட பாதிக்கு 'மிகை' வருமா? 'நாம் இருக்கும் மிகையும் யாருக்கும் தெரியாது'?

கரும்பலகை எழுதியது:

குறை அருமை. ஆனால் 'மிகை' புலவர் சொல்லாக நிற்கிறது, தெருவில் கல்லை உதைக்கிறவன் சொல்லமாட்டான். 'உபரி' போடுங்கள். எங்கள் வேலையில் மாணவர் எண்ணிக்கை குறைந்தால் 'உபரி ஆசிரியர்' பட்டியல் போடுவார்கள். இரண்டு முறை என் பெயர் அதில் வந்திருக்கிறது. அறிவிப்புப் பலகையில் பெயருக்கு நேராக அந்த மூன்று எழுத்தைப் பார்த்தவர்களுக்கு 'சோப்ரான்' என்றால் என்னவென்று யாரும் விளக்கவேண்டாம்.

'நாம் இல்லாத குறை யாருக்கும் இல்லை, நாம் இருக்கும் உபரியும் யார் கணக்கிலும் இல்லை.'

நெய்தல் எழுதியது:

டீச்சர், இப்போதுதான் பாட்டைப் போட்டு மேலே பாடிப் பார்த்தேன். முதல் பாதி உட்காருகிறது. இரண்டாவதில் 'நாம் இருக்கும்' என்ற இடத்தில் தாளம் தாண்டி ஓடிவிடுகிறது. அதை எடுத்துவிட்டால் அர்த்தம் போய்விடுமா?

தெருக்கல் எழுதியது:

போகாது. எடுத்துவிடுங்கள். முதலில் உள்ள 'நாம்' கூட வேண்டாம்.

'இல்லாத குறை யாருக்கும் இல்லை, உபரியும் யார் கணக்கிலும் இல்லை.'

நாய் குரைக்கிற இடத்திலிருந்து மறுபடி போடுகிறேன்.